கடலூரில் ஒரு பழைய கல்லறைத் தோட்டம்: எந்த அரசுப் பணத்தைக் கேட்பது?

கடலூர் முதுநகரிலோ பரங்கிப்பேட்டையிலோ புதர் மண்டிக் கிடக்கும் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றைக் காப்பாற்ற நாலு பேர் கூடினால், முதல் கூட்டத்திலேயே நாலு யோசனை வந்துவிடும். சபைப் பெரியவர், எம்.எல்.ஏ.வைப் பார்த்தால் சுவர் கட்டிக் கொடுத்துவிடுவார் என்பார். வரலாறு படித்தவர், தொல்லியல் துறை எடுத்துக்கொள்ளட்டும் என்பார். கவுன்சிலர் நமக்கு நாமே திட்டம் என்பார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர், லண்டனில் இதற்கென்றே ஒரு சங்கம் இருப்பதாக வாட்ஸ்அப்பில் அனுப்புவார். எல்லாமே உள்ள வழிகள்தான். ஆனால் ஒவ்வொரு பணமும் ஒவ்வொரு வேலைக்கென்று ஏற்பட்டது. பொருந்தாத பணத்தை வாங்கி, வேப்பமரம் செய்யாத சேதத்தைச் சுவர் செய்து முடித்த இடங்கள் உண்டு.

இந்தப் பக்கத்துக் கல்லறைகளின் வயது சாதாரணமல்ல. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து வாங்கியது 1690-இல். நாலாபுறமும் பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை உள்ள ஊர்களும் விலையில் சேர்ந்தன. குண்டு உப்பலவாடி, குண்டுசாலை என்ற இடப்பெயர்கள் அந்தப் பேரத்தின் மிச்சம். சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் இதுதான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்தார். 1783 ஜூனில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த கடலூர் முற்றுகையில் இரண்டு பக்கமும் ஏராளமானோர் மாண்டார்கள். ஆக, ஒரே தோட்டத்தில் கம்பெனி வணிகர், சிப்பாய், மிஷனரி, குழந்தைகள் என்று பல அடுக்கு இருக்க வாய்ப்புண்டு. பெயர் தெரியாத குழிகள், பெயர் தெரிந்தவற்றைவிட அதிகமாகவே இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்; சுவர் விஷயத்தில் இது திரும்ப வரும்.

முதலில் நான்கு கேள்விகள்

*நிலம் யார் பெயரில்?* இதற்குப் பதில் தெரியாமல் எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டாம். மாநகராட்சி எல்லைக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், வெளியே என்றால் கிராம நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டின் நகல், இரண்டுக்கும் புலப்படம் (நில அளவை வரைபடம்). "மயானப் புறம்போக்கு" என்றிருந்தால் அரசு நிலம். திருச்சபையின் பெயரிலோ அதன் சொத்து அறக்கட்டளையின் பெயரிலோ இருந்தால் தனியார் நிலம். கடலூரில் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டம், ஆற்காடு லுத்தரன் திருச்சபை, தென்னிந்தியத் திருச்சபை என மூன்றுக்கும் சொத்து உண்டு. "சர்ச்சு இடம்தான்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. சபை ஆயர் வாய்மொழியாகச் சம்மதம் சொல்வது வேறு, சொத்துக்குப் பொறுப்பான அமைப்பு தீர்மானம் போட்டுக் கடிதம் தருவது வேறு. பணம் பேசுகிறவர்கள் கேட்பது இரண்டாவதை.

*இன்னும் அடக்கம் நடக்கிறதா?* நடக்கிறது என்றால் அது பொதுத் தேவை, பல திட்டங்களின் கதவு திறக்கும். நூறு வருடமாக மூடிக்கிடக்கிறது என்றால் அது வரலாற்றுச் சின்னம். அந்தக் கதவுகளில் பாதி அடைபடும், வேறு இரண்டு திறக்கும்.

*எது முதலில் விழப்போகிறது?* ஆக்கிரமிப்பா, மரமா, செங்கல்லா? மூன்றுக்கும் மருந்து வேறு.

*மூன்றாம் வருடம் சீமைக் கருவேலத்தை வெட்டப்போவது யார்?* திறப்பு விழாப் பலகையில் இந்தப் பெயர் இருக்காது. ஆனால் தோட்டம் பிழைப்பது இந்த ஆளால்தான்.

ஒரே பார்வையில்

| வழி | எதற்குக் கிடைக்கும் | எங்கே இடறும் | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| தொல்லியல் துறைப் பாதுகாப்பு | சட்டக் காவல், முறையான சீரமைப்பு | பல வருடக் காத்திருப்பு. சுற்றுப்புறத்தார் எதிர்ப்பு | மூடிய, மிகப் பழைய, சிறப்புள்ள தோட்டம் |
| எம்.பி., எம்.எல்.ஏ. தொகுதி நிதி | சுவர், பாதை, விளக்கு, தண்ணீர் | திருச்சபை நிலம். பராமரிப்புக்குப் பணம் கிடையாது | அரசுப் புறம்போக்கு |
| சிறுபான்மையினர் நலத்துறை | சுற்றுச்சுவர், பாதை | கல்லறைகளையே சீரமைக்க உதவாது | அடக்கம் நடக்கும் தோட்டம் |
| நமக்கு நாமே | உள்ளாட்சி செய்யும் பொதுப் பணி | மக்கள் பங்கை முதலில் கட்ட வேண்டும் | வலுவான உள்ளூர்க் குழு |
| சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி), வெளிநாட்டு நன்கொடை | கல்லறைச் சீரமைப்பு, ஆவணப்படுத்தல் | பதிவுச் சான்றுகள் | பதிவுபெற்ற அறக்கட்டளை உள்ள இடம் |

தொல்லியல் துறை

மத்தியச் சட்டம் 1958-ஆம் ஆண்டுடையது, தமிழகத்தின் சட்டம் 1966-ஆம் ஆண்டுடையது. பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் உள்ள டச்சுக் கல்லறைகள் மத்தியத் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. கற்கள் இடம் மாறாமல் நிற்பதற்கு அதுவே பெரிய காரணம். கடைசிவரை காக்கும் வழி எது என்று கேட்டால் இதுதான்.

ஆனால் மத்தியப் பாதுகாப்புக்கு "தேசிய முக்கியத்துவம்" இருப்பதைக் காட்ட வேண்டும். முதல் அறிவிக்கை வந்ததும் ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் உண்டு, அப்போதுதான் அசல் சிக்கல் வெளியே வரும். 2010 திருத்தத்தின்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் எதுவும். முதுநகர் போன்ற நெருக்கமான இடத்தில் இந்த வட்டத்துக்குள் எத்தனை வீடு வரும் என்று வரைபடத்தில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். மாடி எடுக்கக் காத்திருக்கிறவர்கள் கல்லறைக்கு எதிரியாகிவிட்டால், அறிவிக்கை வருவதற்குள் கல்வெட்டுப் பலகை காணாமல் போகும். அதனால் நெரிசலான ஊருக்குள் மாநிலத் துறையை நாடுவதே புத்திசாலித்தனம். ஆற்றோரம், கடலோரம் என்று தனித்துக் கிடக்கும் தோட்டத்துக்கு மத்தியத் துறையைக் கேட்கலாம்.

அடக்கம் தொடரும் தோட்டத்துக்கு இரண்டுமே தோதுப்படாது.

தொகுதி நிதி

எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி, தமிழகத்தில் எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி. கேட்பதற்கு எளிது, பரிந்துரைக் கடிதமும் சீக்கிரம் வரும். இடுகாட்டுக்கான கட்டுமானம் அனுமதிக்கப்பட்ட வேலைதான். ஆனால் எம்.பி. நிதி விதியில் ஒரு முள் இருக்கிறது: வழிபாட்டுத் தலத்துக்குள்ளும், சமய அமைப்புக்குச் சொந்தமான நிலத்திலும் செலவிடக் கூடாது. பட்டா திருச்சபை பெயரில் இருந்தால் கோப்பு மாவட்ட அலுவலகத்திலேயே நின்றுவிடும். நிலம் யார் பெயரில் என்ற கேள்வி முதலில் வந்ததற்குக் காரணம் இதுதான்.

வேலையைச் செய்வது அரசுத் துறை அல்லது உள்ளாட்சி; ஒப்பந்தக்காரர் டெண்டரில் வருகிறவர். 10 லட்சம் என்று அறிவித்தால் 10 லட்சமும் சுவராகாது. 18 சதவீத ஜி.எஸ்.டி., 1 சதவீதத் தொழிலாளர் நல நிதி போக, வேலைக்கு நிற்பது சுமார் 8 லட்சத்து 40 ஆயிரம். சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தின் சுற்றளவு ஏறக்குறைய 254 மீட்டர். கடலூரின் இன்றைய விலைக்கு எத்தனை மீட்டர் சுவர் வரும் என்பதைப் பொறியாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மூன்று பக்கம் கட்டி நாலாவது பக்கம் திறந்து கிடந்தால் ஆடு, மாடு, பாட்டிலோடு வருகிறவர் எல்லாரும் அந்தப் பக்கம் வழியாகத்தான் வருவார்கள்.

சிறுபான்மையினர் நலத்துறை

கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களுக்கும் முஸ்லிம் கபர்ஸ்தான்களுக்கும் சுற்றுச்சுவர், பாதை அமைக்கத் தமிழக அரசு இந்தத் துறை வழியாக உதவுகிறது. ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலரைப் பார்க்க வேண்டும். நிலம் திருச்சபையுடையது, இன்னும் அடக்கம் நடக்கிறது என்றால் வேறெதையும் யோசிக்காமல் முதலில் இங்கே போங்கள். 1780-இன் செங்கல் கூம்பு ஒன்று அதே தோட்டத்தில் சாய்ந்து நிற்கிறதென்றால் அதற்கு இங்கே ஒரு ரூபாயும் வராது. அதற்கு வேறு பை வேண்டும்.

நமக்கு நாமே

மொத்த மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும், மிச்சம் அரசு. 2021-இல் மாநகராட்சியான பிறகு கடலூருக்குள் இது ஆணையர் அலுவலகத்து வேலை. பலரும் இதை ஒதுக்குகிறார்கள், கையில் இருந்து பணம் போகிறதே என்று. ஆனால் பங்கு கொடுத்தவர் எஸ்டிமேட் எழுதும்போதே மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து பேச முடியும். மக்கள் பங்கு பாதிக்கு மேல் போனால் வேலையைக் குழுவே எடுத்துச் செய்யக் கேட்டுப் பார்க்கவும் இடமுண்டு. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கொண்டுவர இதைவிட நேர் வழி பொதுப் பணத்தில் இல்லை.

சி.எஸ்.ஆர்., வெளிநாட்டுப் பணம்

கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களைச் சீரமைப்பதும் ஒரு தலைப்பு. நெய்வேலியில் பொதுத்துறை நிறுவனமே இருக்கிறது, சிப்காட்டில் தனியார் ஆலைகள். பணம் வாங்கும் அறக்கட்டளைக்கு இந்த நிதியைப் பெறுவதற்கான சி.எஸ்.ஆர்-1 பதிவும், பெரும்பாலும் 12ஏ, 80ஜி என்ற வருமான வரிச் சான்றுகளும் வேண்டும். கல்லறை என்றதும் நிறுவனங்கள் தயங்கும். பள்ளிக் கழிப்பறைபோல் போட்டோவில் எடுபடாது. மரக்கன்று, நடைபாதை என்று பக்கவாட்டில் போகாமல் "ஆவணப்படுத்தலும் பத்து கல்லறைகளின் சீரமைப்பும்" என்று எண்ணிக் காட்டிக் கேட்டால் பேச்சு நகரும்.

லண்டன் சங்கம் என்பது தெற்காசியக் கல்லறைகளுக்கான பிரிட்டிஷ் சங்கம். 1976-இல் தொடங்கியது, உள்ளூர்க் குழுக்களுக்குச் சிறு தொகைகள் தருகிறது. தருகிறார்கள் என்பதற்காக வாங்கிவிட முடியாது: வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் கணக்கு வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு சிறு தொகைக்காகப் புதிதாக இந்தப் பதிவுக்கு அலைவது வீண். ஏற்கெனவே பதிவுள்ள மறைமாவட்ட அமைப்பு ஏதாவது முன்வந்தால் மட்டும் பாருங்கள்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்துக்கு எழுதலாமே என்று கேட்பவர்களுக்கு: அவர்கள் பொறுப்பு இரண்டு உலகப் போர்களில் இறந்தவர்களுக்கு மட்டும். 4 ஆகஸ்ட் 1914 முதல் 31 ஆகஸ்ட் 1921 வரை, பிறகு 3 செப்டம்பர் 1939 முதல் 31 டிசம்பர் 1947 வரை. 1783 முற்றுகையில் செத்த சிப்பாய் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

எந்தப் பணமானாலும் கெடுப்பது சிமென்ட்

இனி சொல்வது பணத்தின் பெயரைவிட முக்கியம். இந்தக் கல்லறைகளில் பல, உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்புக் காரைப் பூச்சு, முகப்பில் கருங்கல் பலகை என்று கட்டியவை. நிலத்தடி ஈரமும் உப்புக் காற்றும் செங்கல்லுக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். ஈரம் அதன் வழியே வெளியேறி, உப்பு பூச்சின்மேல் பூத்து உதிரும். உதிர்வது பூச்சுதான், செங்கல் தப்பும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லை. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி செங்கல்லின் முகத்தையே பெயர்க்கும். சில மழைக்காலம் கழித்து, சிமென்ட் ஓடு அப்படியே தகடாகப் பிரிந்து விழும்போது அதன் முதுகில் அரை அங்குலச் செங்கல் ஒட்டிக்கொண்டு வருவதைக் காணலாம். அந்த அரை அங்குலம் இனி திரும்பாது.

தெரிந்தும் ஏன் சிமென்ட் வருகிறது? நாட்காட்டிதான் காரணம். நிர்வாக ஒப்புதல் பெரும்பாலும் மழைக்காலத்தில் கிடைக்கிறது, டெண்டர் முடிய தை ஆகிவிடும், மார்ச் 31-க்குள் பில் போட வேண்டும் என்ற நெருக்கடி. சுண்ணாம்பு நீற்றி ஊறவே இரண்டு மூன்று வாரம் வேண்டும். அடுக்கு அடுக்காகப் பூசி ஒவ்வொன்றும் இறுக நாள் வேண்டும். சிமென்ட் இன்று பூசினால் நாளை எம்-புக்கில் (பில்லுக்கான அளவுப் புத்தகத்தில்) அளவு ஏறிவிடும். வழக்கமான விலைப் பட்டியலை வைத்து எழுதும் பொறியாளருக்குச் சுண்ணாம்பு வேலை பழக்கமும் இல்லை. பொதுப்பணித் துறையில் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அவர்கள் எழுதிய எஸ்டிமேட் ஒன்றின் நகலை மாதிரிக்குக் கொடுத்தால் உள்ளூர்ப் பொறியாளர் மறுப்பது குறைவு.

எஸ்டிமேட்டில் எழுத்தில் இருக்க வேண்டியவை:

- கல்லறைகளில் சிமென்ட் எந்த அளவிலும் கூடாது.
- சுட்ட சுண்ணாம்பை நீற்றிக் குறைந்தது 15 நாள் ஊறவைத்து, செங்கல் தூளும் ஆற்று மணலும் சேர்த்து அரைத்த கலவை. கடற்கரை மணல் வண்டி வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும்.
- இடுக்குகளை 20 மி.மீ. ஆழம் சுரண்டி, தண்ணீர் தெளித்த பிறகே நிரப்புதல்.
- பூச்சு ஒரு தடவைக்கு 10 முதல் 12 மி.மீ.க்கு மேல் கூடாது. ஈரச் சாக்கு போர்த்தி 10 நாள்.
- முதலில் ஒரு சதுர மீட்டர் மாதிரி. அதைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே மீதி.
- எழுத்துப் பலகைகளைத் தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷும் கொண்டு மட்டும் கழுவுதல். ஆசிட், கம்பி பிரஷ், கிரைண்டர், எழுத்தில் பெயின்ட் எதுவும் கூடாது.

கடைசி வரியை அலட்சியமாக விடாதீர்கள். எழுத்து தெரியட்டும் என்று நல்ல எண்ணத்தில் கறுப்பு எனாமல் அடித்து, தேய்ந்த 1 ஐ 7 ஆக்கிவிட்டால் அந்தத் தவறு கல்லில் நின்றுவிடும். தேய்ந்த எழுத்தைப் படிக்கக் காலை எட்டு மணிக்கு முன் பக்கவாட்டு வெயிலில் படமெடுத்தால் போதும். வெயில் வராத பலகைக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் ஒளியைச் சாய்த்து அடிக்கலாம். படித்ததைச் சரிபார்க்க, சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து 1905-இல் வந்த பட்டியல் இருக்கிறது. இன்று உடைந்து பாதியாகக் கிடக்கும் பலகையின் முழு வாசகம் அதில் கிடைக்கலாம்.

மரமும் சுவரும்

அரசும் ஆலும் செங்கல் கூம்பின் உச்சியில் முளைத்திருந்தால் பிடுங்கக் கூடாது. வேர் செங்கல்லைக் கட்டிப்பிடித்திருக்கும், இழுத்தால் கூம்போடு வரும். அடியில் அறுத்து, அறுத்த முகம் காய்வதற்குள், அதாவது சில நிமிடங்களுக்குள், களைக்கொல்லியைத் தடவ வேண்டும். கிளைபோசேட் என்றால் உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தாரை வைத்துத்தான் செய்ய வேண்டும். வேர் செத்து உலர்ந்து சுருங்கிய பிறகு துண்டு துண்டாக எடுத்து, பொந்தில் சுண்ணாம்புக் குழம்பு ஊற்றலாம். தானே புயலில், 2011 டிசம்பர் 30 அன்று, கடலூரில் சாய்ந்த மரங்களுக்குக் கணக்கில்லை. கல்லறைமேல் சாய்ந்திருக்கும் பெரிய கிளையை ஐப்பசிக்கு முன் கழித்துவிடுவது எந்தச் சீரமைப்பையும்விட மலிவு.

சுவருக்கு வருவோம். பழைய தோட்டங்களில் குழிகள் எல்லையை ஒட்டியே இருக்கும். பெயர் இல்லாத குழிகள்தான் ஓரத்தில் அதிகம். தொடர்ச்சியான அடித்தளத்துக்கு ஜேசிபி இறக்கினால் எலும்பு வரும். வந்தால் வேலை நிற்கும், ஊர் கூடும். மூன்று மீட்டருக்கு ஒன்றாகக் கையால் தோண்டிய தூண், தரைக்கு மேலே பீம், அதன்மேல் கிரில் என்று போட்டால் தோண்டுவது வெகுவாகக் குறையும். செலவு சற்று கூடும். உப்புக் காற்றில் கம்பி வலை வேலி சில வருடத்தில் துருப்பிடித்து உதிரும் என்பதால் அதை இங்கே கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். முழுச் சுவர்தான் என்றால் அடியில் நீர் வெளியேறும் துவாரங்கள் கட்டாயம். 2015 மழையிலும் 2024 ஃபெஞ்சல் புயலிலும் தண்ணீர் நின்ற ஊர் இது. துவாரமில்லாத சுவர் தோட்டத்தைக் குளமாக்கும்.

யார் எதைத் தேர்வது

திருச்சபை நிலம், அடக்கம் நடக்கிறது: சிறுபான்மையினர் நலத்துறையில் சுவர், பழைய கல்லறைகளுக்கு சி.எஸ்.ஆர். இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கலக்காதீர்கள்.

புறம்போக்கு, மூடிய தோட்டம், சுற்றிலும் வீடுகள்: நமக்கு நாமே. கையில் பங்கு கட்டப் பணமில்லை என்றால் தொகுதி நிதியில் மேலே சொன்ன தூண்-கிரில் வேலி மட்டும் கேளுங்கள், கல்லறைகளைத் தொட வேண்டாமென்று எழுதிக் கொடுங்கள். தொடாமல் விட்ட இடிபாடு காத்திருக்கும், சிமென்ட் பூசியது காத்திருக்காது.

தனித்துக் கிடக்கும், பதினெட்டாம் நூற்றாண்டுப் பலகைகள் நிறைய உள்ள தோட்டம்: தொல்லியல் துறை. அறிவிக்கை வரும்வரை பதிவும் புதர் வெட்டும் குழுவின் செலவு.

புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டிவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. பாகூர்ப் பக்கத்துத் தோட்டம் புதுச்சேரி அரசுடையது. அங்கே கொம்யூன் பஞ்சாயத்தும் புதுவைப் பொதுப்பணித் துறையும்தான் வாசல். தமிழகத் திட்டங்களின் பெயரைச் சொல்லி மனு எழுதினால் திரும்பி வரும்.

மனுவை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். நிலப் பதிவேட்டு நகல், புலப்படம், உரிமையாளரின் தீர்மானக் கடிதம், எண் போட்ட கல்லறை வரைபடம், ஒவ்வொரு பலகைக்கும் ஒரு படம், மேலே சொன்ன ஆறு வரிகள், வருடம் இரண்டு முறை புதர் வெட்டுவதற்குப் பொறுப்பேற்கும் குழுவின் கையெழுத்து: இவை ஏழும் சேர்ந்திருக்க வேண்டும். ஆடியில் கொடுத்தால் தை பிறந்ததும் சுண்ணாம்பு நீற்றலாம். ஐப்பசியில் கொடுத்தால் மார்ச் நெருக்கடியில் மாட்டும். அப்படி மாட்டினால் அந்த வருடம் வேலியோடு நிறுத்திக்கொண்டு, கல்லறை வேலையை அடுத்த தைக்குத் தள்ளச் சொல்லுங்கள்.